ஹீத்ரோவிலிருந்து கிங்ஸ் கிராஸுக்கு இரண்டு சூட்கேஸ், கூட அம்மா: எங்கே ரயில் மாறுவது?

கேட்டவர் வயதான அம்மாவோடும் இரண்டு பெரிய சூட்கேஸ்களோடும் லண்டன் ஹீத்ரோவில் இறங்குகிறார். கிங்ஸ் கிராஸில் எடின்பரோ ரயிலைப் பிடிக்க வேண்டும். டாக்சி இல்லாமல் ரயிலிலேயே போய்விட முடியுமா என்பது கேள்வி.

தாராளமாகப் போகலாம். ஆனால் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை நிமிடம் என்று பார்க்காதீர்கள், எங்கே படிக்கட்டு வருகிறது என்று பாருங்கள்.

என் அம்மாவை முதல் தடவை கூட்டிப்போனபோது, செயலி காட்டிய வேகமான வழியை அப்படியே நம்பிவிட்டேன். நகர மையத்தில் ஒரு நிலையத்தில் மாற வேண்டியிருந்தது. நீளமான நடைபாதை, வளைவில் திரும்பினால் இருபது படி. அந்த இடத்தில் எஸ்கலேட்டரும் இல்லை, லிஃப்டும் இல்லை. ஒரு சூட்கேஸை நான் மேலே தூக்கிப்போனேன். இன்னொன்றின் கைப்பிடியைப் பிடித்தபடி அம்மா கீழே நின்றார். மேலே வைத்துவிட்டுத் திரும்பினால், அடுத்த ரயிலில் வந்த கூட்டம் படியை அடைத்துக்கொண்டு ஏறுகிறது. அம்மா கண்ணில் படவே இல்லை. சூட்கேஸை விட்டுவிட்டு இறங்குவதா, நின்று பார்ப்பதா? அரை நிமிடம்தான் இருக்கும், ஆனால் வயிறு கலங்கிவிட்டது. அன்றிலிருந்து, படி இல்லாத வழி இருபது நிமிடம் அதிகமானாலும் எனக்கு அதுதான்.

உங்களுக்கு அப்படி இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பிக்காடில்லி லைன் என்ற சுரங்க ரயில். மாறவே வேண்டாம், ஒரு மணி நேரத்தில் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ரஸ். அங்கே லிஃப்ட் உண்டு. ஹீத்ரோவில் உட்கார இடமும் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ரயில் குறுகலானது. காலை நெரிசலில் நகருக்குள் போகப்போக, சூட்கேஸை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

இன்னொன்று எலிசபெத் லைன். கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் நான் இதைத்தான் சொல்வேன். ஃபாரிங்டன் வரை சுமார் 40 நிமிடம், அங்கே தேம்ஸ்லிங் என்ற இன்னொரு ரயிலுக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே கிங்ஸ் கிராஸுக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் பாங்க்ரஸ். நகர மையத்தில் இந்த லைன் 2022-இல்தான் திறந்தது என்பதால் லிஃப்ட், அகலமான நடைபாதை எல்லாம் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். ஃபாரிங்டனில் ரயிலின் தளமும் பிளாட்ஃபாரமும் ஒரே மட்டம். சூட்கேஸை உருட்டிக்கொண்டே இறங்கலாம்.

ஒன்றே ஒன்று கவனியுங்கள். ரயில் 200 மீட்டருக்கு மேல் நீளம். ஃபாரிங்டனில் முன்பக்கம் இறங்கினால் பக்கத்து நிலையமான பார்பிக்கன் பக்கம் வந்துவிடுவீர்கள். தேம்ஸ்லிங் இருப்பது பின்பக்கம், அதனால் ஹீத்ரோவிலேயே ரயிலின் பின்பகுதியில் ஏறிவிடுங்கள். தேம்ஸ்லிங்கில் நடுப்பகுதியில் ஏறுங்கள்; பிளாட்ஃபாரத்தை அந்த இடத்தில்தான் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

டிக்கெட் கேட்டில் ஓரமாக அகலமான கேட் ஒன்று இருக்கும். முதலில் அம்மாவை அனுப்புங்கள், அப்புறம் சூட்கேஸோடு நீங்கள். கேட்டில் தொட்டுக் கட்டணம் செலுத்த இருவருக்கும் தனித்தனி கார்டு வேண்டும். லிஃப்டுக்கு வரிசை நின்றாலும் காத்திருங்கள். பெரிய சூட்கேஸோடு எஸ்கலேட்டரில் அம்மாவையும் பிடித்துக்கொள்ள ஒருவருக்குக் கை போதாது.

எடின்பரோ ரயிலில் அம்மா ஏறி இறங்க இலவச உதவி கிடைக்கும், முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். செயின்ட் பாங்க்ரஸிலிருந்து சாலையைக் கடந்தால் கிங்ஸ் கிராஸ். எந்தப் பிளாட்ஃபாரம் என்பதைப் புறப்படச் சற்று முன்னால்தான் பலகையில் போடுவார்கள். அதுவரை அம்மாவைச் சூட்கேஸ்களோடு ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டு, அவர் கண்ணில் படுகிற தூரத்தில் நின்று பலகையை நீங்கள் பாருங்கள்.