மலைப் பள்ளி விடுதியில் பிள்ளையைச் சேர்க்கலாமா? கேள்வி பதில்

மலைமேல் ஓர் உறைவிடப் பள்ளியில் ஆசிரியராகவும் விடுதிக் காப்பாளராகவும் இருந்துவிட்டு, இப்போது கோபியில் இருக்கிறேன். சேர்க்கை சீசன் என்பதால் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

பையன் ஐந்தாவது முடிக்கிறான் அண்ணா. ஊட்டியில் பெரிய பள்ளியில் இடம் கிடைக்கும் போலிருக்கு. வருசத்துக்குப் பல லட்சம் ஆகுது. அத்தனை காசுக்குத் தகுமுங்களா? (பல்லடம், விசைத்தறி)

ஒரு வருசக் கணக்கு போடாதீங்க. பன்னிரண்டாவது முடிய ஏழு வருசம், வருசா வருசம் கட்டணம் ஏறும். பிளேசர், ஸ்வெட்டர், சுற்றுலா என்று தனிப் பட்டியல் வேறு வரும். தறியை அடகு வைத்துத்தான் கட்ட முடியும் என்றால் வேண்டவே வேண்டாம்.

அங்கே கிடைப்பது என்ன? ஆங்கிலத்தில் கூச்சமில்லாத பேச்சு, மைதானம், மேடை, பல ஊர்ப் பிள்ளைகளோடு பழக்கம். நீட் மதிப்பெண்ணை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இல் படைவீரர் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. மலைப் பள்ளிகளில் மணியடித்து ஓடும் நாளும் அணிவகுப்பும் அந்தக் காலத்து மிச்சம். சில பிள்ளைகள் அதில் மலர்ந்துவிடும், சிலது சுருங்கிப்போகும்.

பள்ளியைப் பார்க்கப் போனால் ஆடிட்டோரியத்தையும் நீச்சல் குளத்தையும் காட்டி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. சாயங்காலப் படிப்பு நேரத்தில் ஓர் ஆசிரியர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? சந்தேகம் தீர்க்கிறாரா, பேப்பர் படித்துக்கொண்டு காவல் இருக்கிறாரா? நடுராத்திரி காய்ச்சலடித்தால் கதவைத் தட்டுவது யாரிடம்? இதற்கு மழுப்பினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளும் இதே ரகம்தானே?

இல்லை. ஊரில் ‘பிராய்லர் பள்ளி’ என்று சொல்வது சும்மா இல்லை. அவை பிளஸ் டூ மதிப்பெண்ணை நம்பி வளர்ந்தவை. பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு வருசமும் பிளஸ் டூவையே நடத்திய பள்ளிகள் பல. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நீட் வந்த பிறகு கோச்சிங் பக்கம் திரும்பிவிட்டார்கள். மருத்துவம்தான் என்று பிள்ளையே முடிவெடுத்திருந்தால் இரண்டு வருசம் தாங்கலாம். ஆறாவதிலேயே கொண்டுபோய் விடுவது கொடுமை.

அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கும் மகளுக்கு, தனியார் உறைவிடப் பள்ளியில் சலுகைக் கட்டணத்தில் இடம் தருகிறார்களாம் சார். (அந்தியூர்)

அவசரப்படாதீங்க அம்மணி. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருசமே பொறியியலுக்கும் வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது. நடுவில் தனியாருக்கு மாற்றினால் கைவிட்டுப் போகும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அப்படியே போகலாம். கெட்டிக்காரப் பிள்ளை என்றால், ஒன்பதாவதிலிருந்து விடுதியோடு இருக்கும் அரசு மாதிரிப் பள்ளியைப் பற்றித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

அமராவதி நகர் சைனிக் பள்ளியில் சேர்த்தால் பட்டாளத்துக்கு அனுப்பியே ஆகணுமா? (உடுமலை)

கட்டாயமில்லை. ஆனால் 1962இல் தொடங்கிய அந்தப் பள்ளியின் நோக்கமே பிள்ளைகளைத் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தயார் செய்வது. ஆறாவது, ஒன்பதாவதுக்கு நுழைவுத்தேர்வு உண்டு. ஆறாவதுக்கு 300 மதிப்பெண்ணில் பாதி கணக்கு. கணக்கில் தடுமாறும் பிள்ளையை வதைக்காதீங்க.

பேத்தியை ஆறாவதுக்கு மலைக்கு அனுப்பறாங்க தம்பி. போகமாட்டேன்னு அழுகுறா. போனாப் பழகிக்குமா?

நிறையப் பிள்ளைகள் பழகிவிடும்ங்கம்மா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் வரிசையில் பார்த்திருக்கிறேன். “நல்லாருக்கேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச்சு வராமல் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொடிசுகள். என்னைக் கேட்டால் எட்டாவதுக்கு முன்னால் வேண்டாம். அதுவும் அவளே போகிறேன் என்றால் மட்டும். மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பாதியில் நிறுத்தினால் டெபாசிட் திரும்ப வருமா?

நிறுத்தப்போவதை ஒரு பருவம் முன்னாலேயே எழுதிக் கொடுத்தால்தான் வரும் என்று பல பள்ளிகளில் விதி உண்டு. பணம் கட்டும் முன் அந்த விதி இருக்கும் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.