பாதுகாப்பு ஒப்பந்தம்: இலாபத்தையும் விலையையும் எப்படி எடைபோடுவது?

கேள்வி: கொழும்பில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். விவாதப் போட்டியில் எங்கள் பிள்ளைகளுக்கு 'வெளிநாட்டுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்வது இலங்கைக்கு நன்மையே' என்ற தலைப்பு வந்திருக்கிறது. 2025இல் இந்தியாவுடன் செய்த ஒப்பந்தத்தின் வாசகத்தை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. பிள்ளைகளோ இந்தியா நல்லதா, சீனா நல்லதா, அமெரிக்கா நல்லதா என்றுதான் சண்டை பிடிக்கிறார்கள். ஒப்பந்தத்தை மட்டும் வைத்து நன்மை தீமை பார்க்க ஒரு வழி சொல்வீர்களா? (ஓர் ஆசிரியை, கொட்டாஞ்சேனை)

பதில்: டீச்சர், நாட்டைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை ஒதுக்கிவைக்க நீங்கள் நினைத்ததே பாதி வேலை. நட்பு நாட்டுடன் மோசமான ஒப்பந்தம் செய்யலாம், நம்பிக்கை குறைந்த நாட்டுடன் கவனமான ஒப்பந்தமும் செய்யலாம். முதலில், தலைப்பில் உள்ள பாதுகாப்பு ஒப்பந்தம் எந்த வகை என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நேட்டோவும் பாதுகாப்பு ஒப்பந்தம்தான், வந்துபோகும் கப்பலுக்கு எரிபொருள் கொடுக்கும் ஏற்பாடும் பாதுகாப்பு ஒப்பந்தம்தான். இரண்டையும் ஒரே தராசில் போட்டால் விவாதம் தொடங்கும்போதே கோணலாகிவிடும்.

ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவிக்கு வரவேண்டும் என்பது ஒரு வகை. 1949இல் உருவான நேட்டோவின் 5ஆம் உறுப்புரை அப்படிப்பட்டது. 2025 செப்டெம்பரில் சவூதி அரேபியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்டதும் இதே வகை. ஆபத்து வந்தால் உடனே கலந்து பேசுவோம் என்பது அதைவிட இலேசானது. 1971 ஓகஸ்டில் இந்தியாவும் சோவியத் யூனியனும் செய்த ஒப்பந்தத்தில் இருந்தது அதுதான். வெளிநாட்டுப் படைக்கு முகாமும் துறைமுகமும் கொடுப்பது இன்னொன்று. இலங்கை 2007இல் அமெரிக்காவுடன் செய்து 2017இல் புதுப்பித்த 'அக்சா' இவை எதிலும் சேராது. எரிபொருள், உணவு, உதிரிப்பாகம், போக்குவரத்து என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக் கணக்குத் தீர்க்கும் ஏற்பாடு அது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, பிரதமர் மோடி கொழும்புக்கு வந்திருந்தபோது கைச்சாத்தானது ஐந்து வருடங்களுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம். ஒருவருக்காக மற்றவர் போருக்குப் போவதாக இரு அரசுகளில் எதுவும் சொல்லவில்லை. ஆகவே நேட்டோவைக் காட்டி அதைப் புகழ்வதும் பிழை, நேட்டோவைக் காட்டிப் பயமுறுத்துவதும் பிழை.

சரி, வகை பிரித்தாயிற்று. இனிக் கேட்கவேண்டியவை இரண்டு. இந்தக் கடதாசி இல்லாவிட்டால் கிடைக்காமல் போயிருக்கக்கூடியது எது? இந்தக் கடதாசி இருப்பதால் நாளைக்கு 'முடியாது' என்று சொல்ல இயலாமல் போவது எது? முதல் கேள்விக்கு வரும் பதில்தான் உண்மையான இலாபம். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் அதற்கு நாங்கள் கொடுக்கும் விலை.

இலாபத்தைக் கணக்கிடும்போது பெரும்பாலானோர் செய்யும் பிழை, அந்த நாட்டிடமிருந்து வந்த எல்லா உதவியையும் ஒப்பந்தத்தின் பெயரில் எழுதிவிடுவது. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது நாட்டில் எந்த வல்லரசின் முகாமும் இருக்கவில்லை. அணிசேராக் கொள்கையில் உறுதியாக நின்ற அரசு அது. ஆனாலும் இந்தியா, பாகிஸ்தான், பிரித்தானியா, அமெரிக்கா, சோவியத் யூனியன் எல்லாமே உதவிக்கு வந்தன. அதே வருடம் டிசம்பரில் தங்களுக்குள் போரிட்ட இந்தியாவும் பாகிஸ்தானும்கூட ஏப்ரலில் இலங்கைக்கு ஒன்றாக உதவின. 2004 சுனாமி, 2020இல் கிழக்குக் கடலில் தீப்பிடித்த நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல், 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்று எல்லாவற்றிலும் இந்தியக் கப்பல்கள் வந்தன. 2025 ஒப்பந்தம் அப்போது இல்லை. பக்கத்து நாட்டுக் கடலில் எண்ணெய் கொட்டினால் தன் கரைக்கும் வரும் என்று தெரிந்த நாடு கடதாசியைப் பார்த்துக்கொண்டு நிற்காது.

அப்படியானால் ஒப்பந்தத்தால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஒழுங்கு வருகிறது. யார் யாருக்குத் தகவல் சொல்வது, எரிபொருளுக்கு யார் காசு கொடுப்பது, வானொலி அலைவரிசை எது என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்ந்திருந்தால் ஆபத்து நேரத்தில் மணித்தியாலங்கள் மிச்சமாகும். அதிகாரிகளுக்குப் பயிற்சி இடங்கள் கிடைக்கும். நாங்கள் வாங்க முடியாத கருவிகள் வரும். இவற்றை எதிரணியிலுள்ள பிள்ளைகளும் மறுக்கக்கூடாது.

தாக்குதலைத் தடுக்கும் பயன் வேறு கதை. பின்லாந்து பல பத்தாண்டுகள் அணிசேராமல் இருந்து, 2022இல் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தபின் 2023இல் நேட்டோவில் சேர்ந்தது. ரஷ்யாவுடன் 1,300 கிலோமீற்றருக்கு மேல் நில எல்லை உள்ள நாட்டுக்கு அது நியாயமான கணக்கு. இலங்கைக்கு எந்த நாட்டிடமிருந்து படையெடுப்பு அபாயம் இருக்கிறது? தலைப்பை ஆதரிக்கும் அணி இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். என் மதிப்பீட்டில் எங்கள் உண்மையான தேவைகள் கடல் கண்காணிப்பு, போதைப்பொருள் கடத்தல், அனர்த்த மீட்பு. இவற்றுக்குப் பரஸ்பரப் போர் ஒப்பந்தம் தேவையில்லை.

இனி விலைக்கு வருவோம். 2022 ஓகஸ்ட் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் காட்ட அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 15ஆம் திகதி கட்டுநாயக்கவில் இந்தியா ஒரு டோனியர் கடல் கண்காணிப்பு விமானத்தை இலங்கைக் கடற்படைக்குக் கொடுத்தது. மறுநாள், 16ஆம் திகதி, இந்தியாவின் கடும் ஆட்சேபத்தையும் மீறி சீனாவின் ஆய்வுக் கப்பலான யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்தது. அந்தத் துறைமுகம் 2017இல் ஒரு சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனது. பொருளாதாரம் விழுந்து கிடந்த நேரத்தில், முதலில் வரச் சொல்லி, பிறகு தள்ளிப்போடச் சொல்லி, கடைசியில் அனுமதித்தது எங்கள் அரசு. 2024 ஜனவரியிலிருந்து ஒரு வருடத்துக்கு எந்த நாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதியில்லை என்று பொதுவாகவே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரு நாட்டுடன் செய்யும் ஏற்பாடு மற்ற நாடுகளுடன் பேசும் பேச்சையும் மாற்றிவிடுகிறது. வரவு செலவுத் திட்டத்தில் இந்த விலைக்கென்று ஒரு பதிவே கிடையாது.

எங்கள் சொந்த வரலாற்றில் இதற்கு முழு உதாரணமே இருக்கிறது. 1947 நவம்பர் 11ஆம் திகதி, சுதந்திரத்துக்கு மூன்று மாதம் முன்னர், பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் கைச்சாத்தானது. திருகோணமலையில் கடற்படையும் கட்டுநாயக்கவில் விமானப் படையும் தொடர்ந்தன. டி.எஸ். சேனாநாயக்கவின் கணக்குப் புரிந்துகொள்ளக்கூடியது. புது நாடு, சொந்தப் படை இல்லை (இராணுவம் உருவானதே 1949 ஒக்டோபரில்), பக்கத்தில் பெரிய இந்தியா. மிகக் குறைந்த செலவில் ஒரு வல்லரசின் நிழல் கிடைத்தது.

விலை வேறு பக்கத்தால் வந்தது. ஐ.நா.வில் சேர விண்ணப்பித்தபோது, இலங்கை உண்மையில் சுதந்திர நாடுதானா என்று கேட்டு சோவியத் யூனியன் வீட்டோ போட்டது. 1955 டிசம்பர் 14 வரை உறுப்புரிமை கிடைக்கவில்லை. இதை முழுக்க ஒப்பந்தத்தின் தலையில் கட்டுவதும் சரியில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்க அணியும் சோவியத் அணியும் புது நாடுகளை வைத்துப் பேரம் பேசின, கடைசியில் 16 நாடுகளை ஒன்றாகத்தான் உள்ளே எடுத்தார்கள். ஆனால் மறுப்பதற்கு ஒரு காரணத்தை எங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தோம்.

அந்த ஒப்பந்தத்தில் காலவரையறை இருக்கவில்லை. ஆனால் பிரித்தானியப் படை இருப்பது இரு தரப்பும் ஒத்துக்கொள்வதைப் பொறுத்தது என்று வாசகத்திலேயே இருந்தது. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சண்டையில்லாமல் பேசி, 1957 ஒக்டோபரில் திருகோணமலையையும் நவம்பரில் கட்டுநாயக்கவையும் பொறுப்பேற்க அது இடம் கொடுத்தது. ஒப்பந்தம் போடும்போது யாரும் கவனிக்காத ஒரு சொற்றொடர் பத்து வருடம் கழித்து நாட்டுக்கு உதவியது. அதனால்தான் எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது வெளியேறும் வழியை.

வெளியேறும் வழி தெளிவாக இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு 1987 ஜூலை 29 இருக்கிறது. இலங்கை இந்திய உடன்படிக்கையுடன் ஜே.ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் கடிதங்களையும் பரிமாறிக்கொண்டார்கள். இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுப்பதில்லை என்பது அதில் ஒன்று. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டாகப் புனரமைப்பது இன்னொன்று. அந்த 99 தாங்கிகளை யார் எப்படி நடத்துவது என்று ஓரளவு முடிவானது 2022 ஜனவரியில். அந்தக் கடிதங்களைப் பரிமாறிக்கொண்ட இருவருமே அப்போது உயிரோடு இல்லை. அந்த உடன்படிக்கையோடு இங்கே வந்த இந்திய அமைதிப் படையைத் திருப்பி அனுப்பிவைக்க, ஜயவர்தனவுக்குப் பின் வந்த பிரேமதாச அரசு எவ்வளவு போராடியது என்பதும் தெரிந்ததே. கடைசி அணி போனது 1990 மார்ச்சில். 1,100க்கு மேற்பட்ட இந்தியப் படையினர் இங்கே உயிரிழந்தார்கள். யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி கொல்லப்பட்ட வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் எந்த இலாப நட்டக் கணக்கிலும் சேர்க்காமல் விடக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கையெழுத்து கொழும்பில் விழுகிறது. விலையைக் கொடுப்பது திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள சனங்கள். உங்கள் பிள்ளைகள் 'இலங்கைக்கு நன்மை' என்று சொல்லும்போது இலங்கையில் யாருக்கு என்று கேட்கப் பழக்குங்கள், டீச்சர்.

வெளியேறுவதற்கும் விலை உண்டு, இதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பிலிப்பைன்ஸ் செனட் 1991 செப்டெம்பரில் 12க்கு 11 என்ற வாக்குகளால் அமெரிக்க முகாம்களின் நீடிப்பை நிராகரித்தது. 1992இல் சூபிக் முகாம் காலியானது. 1995இல் பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் பவளத்திட்டில் சீனா கட்டடம் எழுப்பியது. 1998இல் மணிலா மறுபடி அமெரிக்கப் படைகள் வந்துபோக ஓர் ஒப்பந்தம் செய்தது. அப்புறம் அதற்கும் விலை வந்தது: 2014இல் ஒலொங்கப்போ நகரில் நடந்த ஒரு கொலைக்குத் தண்டனை பெற்ற அமெரிக்க மரைன் வீரரை எங்கே தடுத்துவைப்பது என்பதே பெரும் இழுபறியானது, 2020இல் ஜனாதிபதி மன்னிப்புடன் அவர் ஊர் திரும்பினார். இரண்டு அணிக்கும் இதில் வாதம் இருக்கிறது.

ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பார்த்ததில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். பிலிப்பைன்ஸில் வெளிநாட்டு முகாமுக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. எங்கள் அரசியலமைப்பில் அப்படிக் கட்டாயம் இல்லை, அமைச்சரவையோடு காரியம் முடிந்துவிடலாம். இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஐந்து வருட ஏற்பாடாக இருந்தாலும் மக்கள் பிரதிநிதிகளின் மேசைக்கு வந்துதான் போகவேண்டும். பிள்ளைகள் போட்டியில் இதையே ஒரு வாதமாக வைக்கலாம்: பார்க்க முடியாத ஒன்றை நன்மை என்றும் சொல்ல முடியாது, தீமை என்றும் சொல்ல முடியாது.

ஆனால் நீங்கள் ஒரு பிரசையாக 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அமைச்சிடம் கேட்கலாம். தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்க 5ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதே பிரிவிலேயே, பொது நலன் தீங்கைவிடக் கூடுதலாக இருந்தால் மறுக்கக்கூடாது என்றும் இருக்கிறது. முழு வாசகத்தையும் ஒரே அடியாகக் கேட்டால் ஒரே வரியில் மறுப்பு வரலாம். துண்டு துண்டாகக் கேளுங்கள்: எவ்வளவு காலம், முடித்துக்கொள்ள எத்தனை மாத அறிவித்தல், செலவை யார் ஏற்பது, வெளிநாட்டுப் படையினர் இங்கே குற்றம் செய்தால் எந்த நாட்டு நீதிமன்றம், கருத்து வேறுபாடு வந்தால் தீர்ப்பது யார். இந்த ஐந்தில் எதுவும் இராணுவ இரகசியம் அல்ல. தகவல் அதிகாரி முடிவு சொல்லவே 14 வேலை நாட்கள் வரை எடுக்கலாம், மறுத்தால் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அதனால் விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.