நிலாவுல மீட்டர் காபி ஆத்த எத்தனை ஃப்ரேம்? அனிமேஷன் விளம்பரம் பண்ற பசங்க கேட்டதும் நான் சொன்னதும்

செம்பூர்ல இருக்கேன், 19 வருஷமா விளம்பரத்துக்கு அனிமேஷன் பண்றதுதான் வேலை. மும்பைல படிக்கிற நம்ம தமிழ்ப் பசங்க கொஞ்ச பேருக்கு இந்த செமஸ்டர்ல ஒரே அசைன்மென்ட், 30 செகண்ட் அனிமேஷன் விளம்பரம், சயின்ஸ் ஃபிக்‌ஷன் தீம், கூடவே ஒரு ரிசர்ச் ஃபைல். ஞாயித்துக்கிழமை உக்காந்து வந்த கேள்விக்கெல்லாம் பதில் போட்டேன், வந்த வரிசையிலயே கீழ இருக்கு.

நெருள்லேந்து ஒரு பொண்ணு: அக்கா, ரிசர்ச் ஃபைல்ல என்ன இருக்கணும்? பின்ட்ரெஸ்ட்லேந்து 60 படம் சேத்து வச்சிருக்கேன், ரோபோ, ஸ்பேஸ்ஷிப், நியான் சிட்டி எல்லாம்.

அந்த 60 படமும் வேற யாரோ யோசிச்சு முடிச்சதும்மா. அதைப் பாத்து வரைஞ்சா 61வது படம் வரும், அவ்ளோதான். உன் கதைல நம்ம உலகத்தோட எந்த ஒரு விதியை மாத்துற, அதை முதல்ல ஒரே வரில எழுது. ஈர்ப்பு குறைவு, இல்ல தண்ணியே கிடையாது, இல்ல ராத்திரியே வராது, ஏதோ ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, 30 செகண்ட்ல ரெண்டு விதி மாத்தினா பாக்கறவங்களுக்கு புரியறதுக்குள்ள விளம்பரம் முடிஞ்சிடும். அப்புறம் அந்த விதியால ஒரு சாதாரண வீட்டுல என்னென்ன மாறும்னு ஒரு பக்கம் எழுது. சமையக்கட்டுல, பாத்ரூம்ல, ஸ்கூல் பையைத் தூக்கறதுல. அந்தப் பக்கத்துலேந்து நீ விளம்பரம் பண்ற பொருள் தானா வெளிய வரணும். பொருளை முடிவு பண்ணிட்டு அதுக்கு ஸ்பேஸ்சூட் மாட்டி விடறதுதான் எல்லாரும் பண்றது, அது பாத்த உடனே தெரிஞ்சிடும். மூணாவது வேலை, அளக்கணும். வொர்லில நேரு சயின்ஸ் சென்டர் இருக்கு, கோளரங்கமும் பக்கத்துலயேதான், ஒரு நாள் முழுக்க போயிட்டு வா. மொபைல்ல நீயே நடந்து, குதிச்சு, ஊத்தி, உடைச்சு வீடியோ எடுத்து ஃப்ரேம், அதாவது வீடியோல அடுத்தடுத்து வர்ற ஒவ்வொரு படத்தையும், எண்ணி நோட்டுல எழுது. அந்த நோட்டுதான் ரிசர்ச் ஃபைல்.

காட்கோபர் தம்பி: எந்த சாஃப்ட்வேர் கத்துக்கறது அக்கா?

பிளெண்டர், இலவசம். 2டி வரையணும்னாலும் அதுலயே கிரீஸ் பென்சில்னு ஒரு வசதி இருக்கு. கையால ஃப்ரேம் ஃப்ரேமா வரையப் பிடிக்கும்னா கிரீட்டா இல்ல ஓப்பன்டூன்ஸ், ரெண்டுமே இலவசம்தான். ஆனா சாஃப்ட்வேரைத் திறக்கறதுக்கு முன்னாடி அனிமேட்டிக் பண்ணு. ஸ்டோரிபோர்டு, அதாவது கதையை ஷாட் ஷாட்டா வரைஞ்ச படங்களை, சத்தத்தோட சேத்து 30 செகண்டுக்கு ஓட்டிப் பாக்கறதுதான் அனிமேட்டிக், குச்சி மனுஷனா வரைஞ்சாலும் போதும்.

வாஷி தம்பி: ஜூஜூ மாதிரி ஒரு வேற்றுகிரக கேரக்டர், அந்த மாதிரி 3டி மாடல் எப்படி பண்றது?

ஜூஜூ 3டியே இல்ல கண்ணா. 2009 ஐபிஎல் சமயத்துல வந்த வோடஃபோன் விளம்பரம் அது, உள்ள நிஜ மனுஷங்க, வெள்ளை உடையும் பெரிய தலையும் மாட்டிக்கிட்டு நடிச்சாங்க. பெங்களூரு நிர்வாணா ஃபிலிம்ஸ் கேப் டவுன்ல போய் ஷூட் பண்ணது. அசைவு கார்ட்டூன் மாதிரி தெரியணும்னு கேமரால ஃப்ரேம் வேகத்தைக் குறைச்சு எடுத்தாங்க. இதை உன் ரிசர்ச் ஃபைல்ல எழுதிக்கோ, உருவத்தை விட டைமிங்தான் ஒண்ணை 'அனிமேஷன்'னு நம்ப வைக்குதுங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சயன் தம்பி: அக்கா பிளெண்டரா மாயாவா?

மேல காட்கோபர் தம்பிக்கு சொன்னதேதான்.

மாட்டுங்கா தம்பி: என் கதை நிலாவுல. ஒரு கூடாரத்துக்குள்ள பாட்டி டபரா டம்ளர்ல காபி ஆத்துறாங்க. பிராண்டு நானே கற்பனையா வச்ச ஒரு டிகாக்‌ஷன் பாக்கெட். ஆத்துற சீன் முழுக்க ஸ்லோ மோஷன் போட்டா போதுமா?

இந்தக் கேள்விக்குதான் காலைலேந்து காத்திருந்தேன், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

முழுசா ஸ்லோ மோஷன் போடாத. நிலாவோட ஈர்ப்பு இங்க இருக்கறதுல ஆறுல ஒரு பங்கு. அதனால கீழ விழற நேரம் ஆறு மடங்கு ஆகாது, ஆறோட வர்க்கமூலம், அதாவது 2.45 மடங்கு ஆகும். ஒரு மீட்டர் உயரத்துலேந்து ஒண்ணு விழ இங்க 0.45 செகண்ட், செகண்டுக்கு 24 ஃப்ரேம் கணக்குல 11 ஃப்ரேம். நிலாவுல 1.11 செகண்ட், 27 ஃப்ரேம். யாராவது செவ்வாய்ல கதை வச்சிருந்தா அங்க 18 ஃப்ரேம், இந்த மூணு நம்பரையும் சுவத்துல ஒட்டி வச்சுக்கோங்க.

இப்ப பாட்டிக்கு வருவோம். விழறது மட்டும்தான் மெதுவாகும். பாட்டி கண் சிமிட்டறது, விரல் மடக்கறது, தலையைத் திருப்பி பேரனை அதட்டறது எல்லாம் தசையோட வேலை, அது நிலாவுலயும் அதே வேகம்தான். மொத்த சீனையும் ஸ்லோ பண்ணா பாட்டி தூங்கி வழியறாங்கன்னு தோணும், நிலான்னு தோணாது. பாட்டி சட்டு சட்டுனு நகரணும், காபி மட்டும் நிதானமா இறங்கணும், புடவைத் தலைப்பு மெதுவா வந்து அடங்கணும். அந்த வேக வித்தியாசத்தைப் பாத்துதான் கண்ணு 'இது வேற இடம்'னு நம்பும். சந்தேகம்னா 1971ல அப்பல்லோ 15 போன டேவிட் ஸ்காட் நிலாவுல நின்னுகிட்டு சுத்தியலையும் இறகையும் ஒண்ணா போட்ட வீடியோவைப் பாரு. ரெண்டும் ஒண்ணா தரையைத் தொடும், பொருள் மெதுவா இறங்கும், ஆளோட கை மட்டும் சாதாரணமா அசையும்.

இன்னொண்ணு, இது உன் கதையையே மாத்தும். ஃபில்டர்ல டிகாக்‌ஷன் இறங்கறதே தண்ணியோட எடையாலதான். இங்க 15 நிமிஷத்துல இறங்கறது அங்க சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். பாட்டி ஃபில்டரையே பாத்துகிட்டு உக்காந்திருக்காங்க, ஜன்னல் வழியா பூமி தெரியுது, பேரன் கையில உன் ரெடிமேட் டிகாக்‌ஷன் பாக்கெட். பாத்தியா, பொருள் விதிலேந்தே வந்துடுச்சு.

முலுண்ட் அண்ணா: நான் ஸ்டூடன்ட் இல்ல, இன்ஜினியர், சும்மா படிச்சிட்டிருந்தேன். ஒரு திருத்தம். விழற நேரம் 2.45 மடங்குன்னா காபி 2.45 மடங்கு தூரம் தள்ளிப் போய் விழுமே, டம்ளரை அங்க வைக்கணும், இல்லன்னா பாட்டி மடியெல்லாம் காபி.

பவாய் தம்பி, எம்எஸ்சி ஃபிசிக்ஸ்: இல்லண்ணா. டபராவை சாய்க்கும்போது காபி விளிம்பைத் தாண்டி வர்ற வேகத்தையே ஈர்ப்புதான் தருது. அந்த வேகம் 2.45ல ஒரு பங்கா குறையும், நேரம் 2.45 மடங்கு கூடும், பெருக்கினா பழைய தூரமேதான்.

முலுண்ட் அண்ணா: தம்பி, மீட்டர் காபி ஆத்துறவங்களைப் பாத்திருக்கியா? யாரும் சும்மா சாய்க்கறதில்ல, கையை வீசி மேல இழுக்கறாங்க. அது தசை வேகம், அக்காவே இப்பதான் சொன்னாங்க.

ரெண்டு பேரும் இன்னும் ஏழெட்டு தடவை மாத்தி மாத்தி எழுதினாங்க, நடுவுல வந்த மத்த கேள்வியெல்லாம் அப்படியே கிடந்தது, எனக்கும் விட மனசு வரல, எழுந்து போய் சமையக்கட்டுல ரெண்டு டம்ளர் எடுத்து தண்ணி ஊத்திப் பாத்துட்டுதான் வந்து பதில் எழுதினேன். ரெண்டுமே சரி. நிதானமா சாய்ச்சு ஊத்தினா பவாய் தம்பி சொல்றது, பாதை மாறாது, நேரம் மட்டும் நீளும். கையை வீசினா அண்ணா சொல்றது, தாரை தள்ளிப் போகும். மாட்டுங்கா தம்பி, உனக்கு இதுல ஒரு ஷாட்டே கிடைக்குது. பாட்டி நிலாவுக்குப் புதுசு, முதல் தடவை பழக்கதோஷத்துல கையை வீசறாங்க, காபி டம்ளரைத் தாண்டிப் போகுது. ரெண்டாவது தடவை நிதானமா சாய்க்கறாங்க, சரியா டம்ளர்ல விழுது. ஒரு வார்த்தை பேசாமலே அவங்க அந்த ஊருக்குப் பழகிட்டாங்கன்னு தெரிஞ்சிடும்.

கூடாரத்துக்குள்ள காத்து அழுத்தம் எவ்ளோன்னும் முடிவு பண்ணிக்கோ. அப்பல்லோ கலத்துக்குள்ள நம்ம காத்தழுத்தத்துல சுமார் மூணுல ஒரு பங்குதான் வச்சிருந்தாங்க, அந்த அழுத்தத்துல தண்ணி 72 டிகிரி கிட்டயே கொதிச்சிடும். கொதிக்கிற மாதிரி காட்டினாலும் காபி இங்க கொதிக்கிற அளவுக்கு சூடா இருக்காது. வேணும்னா யூஸ் பண்ணு, வேணாம்னா விடு, ஆனா ரெண்டாவது விதி ஆயிடும், நான் விட்டுடுவேன்.

அந்தேரி பொண்ணு: எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட் அக்கா, லேப்டாப் எது வாங்கலாம்?

சாஃப்ட்வேர் மேல இருக்கு, தயவு செஞ்சு படிச்சிட்டு கேளுங்க. லேப்டாப் என் துறை இல்ல, உங்க லேப் இன்சார்ஜைக் கேளு. அனிமேட்டிக் இருக்கா?

தாராவி தம்பி: என் கேரக்டர் தமிழ்ல பேசுது. பேச்சுக்கு ஏத்த மாதிரி வாய் வரையற லிப் சிங்க் சார்ட்டெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, வாய் ஒட்டவே மாட்டேங்குது.

ஒட்டாதுதான், அந்த சார்ட் வேற மொழியோட வாய்க்குப் போட்டது. நமக்கு இதுக்கு வழி எப்பவோ எழுதி வச்சாச்சு, தொல்காப்பியத்துல பிறப்பியல்னு ஒரு பகுதி, எந்த எழுத்து வாயில எங்க எப்படிப் பிறக்குதுன்னு அப்படியே இருக்கு. அ, ஆ வாயைத் திறந்து. உ, ஊ, ஒ, ஓ, ஔ அஞ்சும் உதட்டைக் குவிச்சு. ப, ம ரெண்டும் உதடும் உதடும் சேந்து. வ பல்லும் உதடும் சேந்து. இ, ஈ, எ, ஏ, ஐ நாக்கோட வேலை, வெளிலேந்து பாத்தா உதடு லேசா விரிஞ்ச மாதிரி வரைஞ்சா போதும். ஆக அஞ்சு வாய், கூட சும்மா மூடின வாய் ஒண்ணு, மொத்தம் ஆறு படம். க, ட, த, ன, ர இதுக்கெல்லாம் தனி வாய் வேணாம், பக்கத்துல இருக்கற உயிரோட வாயையே நீட்டிக்கோ. ஆனா ப, ம வர்ற இடத்துல உதடு கண்டிப்பா மூடணும், ரெண்டு ஃப்ரேமாவது மூடியிருக்கணும். 'அம்மா'ன்னு சொல்லும்போது உதடு மூடலைன்னா எந்தக் குழந்தையும் கண்டுபிடிச்சிடும். குறில் நெடிலும் பாத்துக்கோ, 'படம்' 'பாடம்' ரெண்டுக்கும் வாய் ஒண்ணுதான், நெடிலுக்கு திறந்த வாயை ரெண்டு மடங்கு நேரம் பிடிச்சு வை. முதல்ல குரலை ரெக்கார்ட் பண்ணிட்டு அப்புறம்தான் வாய் வரையணும். அப்புறம் 30 செகண்டுக்கு 45 வார்த்தைக்கு மேல எழுதாத, தமிழ் வார்த்தை நீளம், மூச்சு முட்டும்.

பாந்த்ரா தம்பி: ரெண்டர் பாதில நின்னு போச்சு, எம்பி4 ஃபைல் திறக்கவே மாட்டேங்குது. நாளன்னைக்கு சப்மிஷன்.

எம்பி4ஆ நேரடியா ரெண்டர் (கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு கடைசிப் படமா எடுக்கறது) பண்ணாதீங்க, பண்ணாதீங்க, பண்ணாதீங்க. ஃபைலைத் திறக்கறதுக்கு வேண்டிய அட்டவணையே பொதுவா கடைசிலதான் எழுதப்படும், நடுவுல நின்னா உள்ள இருக்கற படமெல்லாம் இருந்தும் இல்லாத கதைதான். பிஎன்ஜி படங்களா வெளிய எடு. 640வது ஃப்ரேம்ல நின்னா 641லேந்து திரும்ப ஆரம்பிச்சுக்கலாம், எல்லாம் முடிஞ்சதும் சேத்து வீடியோ ஆக்கிக்கோ. நான் முதல்ல வேலை பாத்த ஸ்டூடியோல ரெண்டு ராத்திரி ரெண்டர் ஒரு கரண்ட் கட்ல போச்சு, கிளையன்ட் வெளிய உக்காந்திருந்தாங்க, டீம்ல ஒருத்தர் அழுதுட்டார், அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. கணக்கும் முன்னாடியே போட்டுக்கோ, ஃப்ரேமுக்கு 5 நிமிஷம்னா 720 ஃப்ரேமுக்கு 60 மணி நேரம். உனக்கு நாளன்னைக்குன்னா அவ்ளோ நேரம் இல்ல, பிளெண்டர்ல மெதுவா ரெண்டர் பண்ற சைக்கிள்ஸை விட்டுட்டு வேகமான ஈவீக்கு மாறிடு, இன்னைக்கு ராத்திரியே ஆரம்பி.

கல்யாண் பொண்ணு: 2090ல சர்க்கரை நோயை ஒரே நாள்ல குணமாக்கற மாத்திரை, அதுக்கு விளம்பரம். ஓகேவா?

பொருளை மாத்திடும்மா. 1954லயே இதுக்கு சட்டம் இருக்கு, சில நோய்களைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்ணக் கூடாது, அந்தப் பட்டியல்ல சர்க்கரை நோயும் உண்டு. கற்பனைதான், கிளாஸுக்குதான், ஆனா 2090ங்கறதை வெட்டிட்டு யாராவது வாட்ஸ்அப்ல சுத்த விட்டா யாரோ ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்திடுவார். எனக்கு அது பயமா இருக்கு.

டோம்பிவிலி தம்பி: சினிமா பாட்டு 10 செகண்ட் வரைக்கும் ஃப்ரீ தானே?

இல்ல. நம்ம காப்புரிமைச் சட்டத்துல அப்படி செகண்ட் கணக்கே கிடையாது. ஃப்ரெண்டு யாராவது கடம் வாசிச்சா மொபைல்லயே ரெக்கார்ட் பண்ணு.

தாணே தம்பி: விண்வெளில சத்தம் கேக்காதே, என் வெடிப்பு சீன்ல என்ன பண்ண?

ஸ்பேஸ்சூட்டுக்குள்ள மூச்சு சத்தம் மட்டும் வை. வெடிக்கிற ஃப்ரேம்ல அந்த மூச்சும் நிக்கட்டும்.

அம்பர்நாத் தம்பி: நம்ம ஊர்ல பழைய அனிமேஷன் பத்தி ரிசர்ச்சுக்கு எங்க போக?

பெடர் ரோடுல இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகம், 2019ல திறந்தது. அரசோட டாக்குமென்டரி பட நிறுவனமா இருந்த ஃபிலிம்ஸ் டிவிஷன் வளாகத்துலயே இருக்கு. அந்த ஃபிலிம்ஸ் டிவிஷனோட கார்ட்டூன் பிரிவுக்கு 1956ல டிஸ்னில வேலை பாத்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார், இந்திய அனிமேஷனோட தந்தைன்னு சொல்ற ராம் மோகன் அங்கேந்துதான் வளந்தார். ஒரு நோட்டு எடுத்துட்டுப் போ.

கோவண்டி தம்பி: சாஃப்ட்வேர்...

மேல.

மாட்டுங்கா தம்பி: அக்கா, 27 ஃப்ரேம் வச்சு டெஸ்ட் பண்ணேன். தாரை சூப்பரா இருக்கு. டம்ளர்ல விழுந்து தெறிக்கிற துளியை ஆறு மடங்கு உயரத்துக்கு அனுப்பிட்டேன், அது மட்டும் பொய்யா தெரியுது.

பொய்தான், உன் கண்ணு சரியா பிடிச்சிருக்கு. அதே உயரத்துலேந்து விழுந்தாலும் அங்க காபி டம்ளரைத் தொடும்போது வேகம் கம்மி, 2.45ல ஒரு பங்குதான். அடியும் லேசு, கீழ இழுக்கற ஈர்ப்பும் லேசு, ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிடும். தெறிக்கிற உயரம் கிட்டத்தட்ட இங்க மாதிரியே இருக்கட்டும், ஏறி இறங்கற நேரத்தை மட்டும் 2.45 மடங்கு நீட்டு. நுரையை இன்னும் கொஞ்ச நேரம் நிக்க விடு, ஈர்ப்பு கம்மின்னா நுரைலேந்து காபி வடியறதும் மெதுவாதான். மாத்திட்டு புதன்கிழமைக்குள்ள அனுப்பு, பாத்து சொல்றேன். பிஎன்ஜில.