காலி நாற்காலிகளும் மச்சானின் குரலும்

கேள்வி: எனக்கு வயது 58. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். 1988-இல் கல்லூரி நண்பர்கள் ஐந்து பேராகத் தொடங்கிய ராக் பேண்டில் இன்றும் லீட் கிட்டார் வாசிக்கிறேன். ஆங்கிலப் பாட்டுகள்தான் அதிகம். தமிழும் மலையாளமும் கலந்து நாங்களே எழுதியவை மூன்று உண்டு. பாலக்காட்டில் நாங்கள் வழக்கமாக எடுக்கும் மண்டபத்தில் 620 இருக்கைகள். 2009-இல் 100 ரூபாய் டிக்கெட்டில் அது நிறைந்தது. அதில் இருநூறு பேர் பாஸில் வந்தவர்கள். கடந்த டிசம்பரில் 750 ரூபாய் வைத்தோம். விற்றது 163. அதில் 90 டிக்கெட்டை ஒரு நகைக்கடைக்காரர் மொத்தமாக வாங்கினார். இரவு எட்டு மணிக்குத் தொடங்கியபோது 110 பேர் இருந்திருப்பார்கள். பின்வரிசை விளக்குகளை அணைத்துவிட்டு வாசித்தோம். செலவு போக ஆளுக்கு ஒன்பதாயிரம் கையிலிருந்து போட்டோம். அதே ஆண்டில் எங்கள் மாவட்டத்துச் சித்தூரிலும், பொள்ளாச்சி, கோவை ஆகிய ஊர்களிலும் கச்சேரி செய்தோம்; நவம்பரில் பாலக்காட்டிலேயே ஒரு கோயில் உத்சவத்தில் இலவசமாக வாசித்தோம். எங்கள் பாடகர் என் மனைவியின் அண்ணன். மேல் ஸ்தாயி வரும் இடங்களில் அவர் மைக்கை மக்கள் பக்கம் நீட்டிவிடுகிறார். 'கடைசிக் கச்சேரி' என்று விளம்பரம் செய்யலாம் என்கிறார் டிரம்மர். டி.வி. போட்டியில் பாடிய ஓர் இளைஞரை அழைத்துவரலாம் என்கிறார் பேஸ் கிட்டார் வாசிப்பவர். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்:

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மண்டபத்தின் முன்பதிவு மேசையில் பதினாறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் என்பதால், உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் எண்களின் மீதுதான் போயிற்று. 2009-இல் பாஸைக் கழித்தால் காசு கொடுத்தவர்கள் 420 பேர். வசூல் 42,000 ரூபாய். கடந்த டிசம்பரில் நகைக்கடைக்காரரைக் கழித்தால் சொந்தப் பணம் கொடுத்தவர்கள் 73 பேர்; அவர்கள் தந்தது 54,750 ரூபாய். விலைவாசி ஏறிய ஏற்றத்துக்கு இது பெருமைப்படத்தக்க தொகை இல்லைதான். ஆனாலும், வேறு எத்தனையோ செலவுகள் காத்திருக்கும்போது 750 ரூபாயை எடுத்து வைத்துவிட்டு, டிசம்பர் குளிரில் இரவு எட்டு மணிக்கு உங்களைக் கேட்க 73 பேர் வருகிறார்கள் என்பதைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். உங்களுடைய உண்மையான ரசிகர் கூட்டம் இதுதான். அவர்களைக் கொண்டுபோய் 620 நாற்காலிகளுக்கு நடுவில் உட்காரவைத்ததால்தான் அந்த மாலை தோல்வியாகத் தெரிந்தது.

கூட்டம் குறைந்ததற்கு வயதுதான் காரணம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. 1985-இல் தொடங்கிய கன்ஸ் அண்ட் ரோசஸ் குழு 2012-இல் இந்தியாவுக்கு வந்தது; அடுத்து 2025 மே மாதம்தான் மும்பைக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு டிக்கெட்டின் விலை பெரிதாகத் தெரிவதில்லை. 2025 ஜனவரியில் அகமதாபாத் மைதானத்தில் கோல்ட்பிளே குழு பாடியபோது ஒவ்வொரு நாளும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். பாட்டுக்குப் பணம் செலவழிக்கும் பழக்கம் போய்விடவில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெரிய நிகழ்ச்சிகளுக்கென்று அது சேர்த்து வைக்கப்படுகிறது. நீங்களோ ஒருவர் பைக்கில் போய்த் திரும்பிவிடக்கூடிய தொலைவுக்குள் ஒரே ஆண்டில் நான்கு முறை டிக்கெட் விற்றிருக்கிறீர்கள். போதாததற்கு, பாலக்காட்டுக் கச்சேரிக்கு முந்தைய மாதம் அதே ஊரில் இலவசமாகவும் வாசித்திருக்கிறீர்கள். கோயில் உத்சவ மைதானத்தில் கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரியை விடிய விடிய இலவசமாகக் கேட்டு வளர்ந்த ஊர் அது. நவம்பரில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே சும்மா கேட்ட பாட்டுக்கு டிசம்பரில் 750 ரூபாய் கொடுக்க வேண்டுமென்றால், உங்கள் நெருங்கிய உறவினரே கொஞ்சம் யோசிப்பார்.

ஆகவே அடுத்த ஓராண்டுக்குப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கச்சேரியும், பொள்ளாச்சி அல்லது கோவையில் ஒரு கச்சேரியும் போதும். கொங்கு நாட்டிலிருந்து வந்த கொங்கன் படையை விரட்டியதைச் சித்தூர் ஆண்டுதோறும் திருவிழாவாகக் கொண்டாடினாலும், உங்கள் டிக்கெட்டை வாங்குகிறவர்களில் பலர் கொங்கு நாட்டிலிருந்து எல்லை தாண்டி வருகிறவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய அவர்களுக்குக் கடைசிப் பேருந்தின் கவலை உண்டு. இரவில் வண்டி ஓட்டக் கண் கூசுகிறவர்களும் உண்டு. எட்டு மணியை ஆறு மணியாக்கினாலே சிலர் திரும்பி வருவார்கள்.

மண்டபத்தைச் சிறியதாக்குவதைக் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பிளாக் கீஸ் குழு பெரிய அரங்குகளில் திட்டமிட்டிருந்த வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை 2024 மே மாதத்தில் ரத்து செய்துவிட்டு, ரசிகர்களோடு நெருக்கமாக இருக்கும்படி வேறு விதமாக நடத்துவதாக அறிவித்தது. உங்கள் பக்கத்தில் வாசகசாலைகளின் மாடிக்கூடங்கள் எத்தனையோ சும்மா கிடக்கின்றன. 150 நாற்காலி போடக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். எல்.இ.டி. திரை வேண்டாம், பெரிய ஜெனரேட்டரும் தேவைப்படாது. சிறிய கூடத்தில் டிரம்ஸ் ஓசை காதைப் பிளக்கும் என்பதால், டிரம்மர் வழக்கமான குச்சிகளை வைத்துவிட்டு மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய வகையைப் பிடிக்க வேண்டியிருக்கும். அவர் முறைத்துக்கொள்வார், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை 500 ரூபாய்க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். அந்தத் தொகை வரையிலான இசை நிகழ்ச்சி நுழைவுக் கட்டணத்துக்கு 2018 முதல் ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. உள்ளாட்சியின் கேளிக்கை வரி தனி. அதைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிறர் பாட்டுகளை மேடையில் பாடுவதற்கு ஐ.பி.ஆர்.எஸ். (இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் உரிமத்தொகை வசூலிக்கும் அமைப்பு) உரிமம் எடுத்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. எடுத்திருப்பீர்கள் என்றே நம்புகிறேன்.

டிரம்மரின் 'கடைசிக் கச்சேரி' யோசனைக்கு வருகிறேன். கூட்டம் வரும், மறுக்கவில்லை. கிஸ் குழு 2000-ஆம் ஆண்டில் விடைபெறும் பயணம் என்று அறிவித்துப் புறப்பட்டது. கடைசியில் நியூயார்க் மேடையில் விடைபெற்றபோது 2023 டிசம்பர் ஆகிவிட்டது. ஜெர்மனியின் ஸ்கார்பியன்ஸ் 2010-இல் ஓய்வை அறிவித்துவிட்டு அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தது. உலகம் சுற்றுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகும். கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் தினமும் காலையில் நிற்கிற மனிதருக்குக் கட்டுப்படியாகாது. அடுத்த டிசம்பரில் மறுபடி டிக்கெட் புத்தகத்தோடு போனால், "போன வருஷம் அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டீர்களே" என்று கேட்பார்கள். உண்மையிலேயே நிறுத்துவதாக இருந்தால் மட்டும் அந்தச் சொல்லை அச்சடியுங்கள். கடிதத்தைப் படித்தால் உங்களுக்கு நிறுத்த மனமில்லை என்றுதான் தெரிகிறது.

இளைஞரை அழைத்துவருவது பற்றி: அவருக்கு வரும் கூட்டம் அவரோடே போய்விடும். அந்த 73 பேரும் உங்கள் மச்சானின் குரலைக் கேட்க வருகிறவர்கள். அந்தக் குரலுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் நீங்கள் ஐந்து பேரும் இதுவரை வாய்விட்டுப் பேசவில்லை என்று நினைக்கிறேன். மைக்கை நீட்டுவது கூட்டம் நிறைந்த மண்டபத்தில் கொண்டாட்டமாகத் தெரியும். 110 பேர் சிதறி உட்கார்ந்திருக்கும் இடத்தில் நீட்டினால் பதிலுக்கு எதுவும் வராது. அந்த மௌனம் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

இருபது வயதில் பழகிய சுருதியிலேயே அறுபதை ஒட்டியும் அவரைப் பாட வைக்கிறீர்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மாவட்டத்துக்காரரிடம் சுருதியைப் பற்றி நான் பேசுவது அதிகப்பிரசங்கம்தான். ஆனாலும் வயதுக்கேற்றபடி அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிக்கொள்வதைக் கர்நாடக சங்கீதத்தில் யாரும் இழிவாக நினைப்பதில்லை. பழைய ராக் குழுக்கள் பலவும் கிட்டார்களை அரைக் கட்டை தாழ்த்திச் சுருதி சேர்த்துத்தான் மேடையேறுகின்றன. ஒரு முழுக் கட்டை இறக்கினால் கம்பிகள் தளர்ந்து தடதடக்கும். அதற்குச் சற்றுத் தடித்த கம்பிகளை மாட்டிக்கொண்டால் போதும். சிறிய கூடத்தில் டிரம்ஸோடு போட்டிபோட்டுக் கத்த வேண்டிய தேவையும் அவருக்கு இருக்காது.

இதை அவரிடம் யார் சொல்வது என்பதுதான் சிக்கல். மைத்துனரான நீங்கள் சொன்னால் வீடு வரை போகும். உங்கள் மனைவி யார் பக்கம் நிற்பார் என்று என்னைக் கேட்காதீர்கள். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த ஒத்திகையில் நீங்களும் பேஸ் வாசிப்பவரும் மட்டும் பேசிவைத்துக்கொண்டு அரைக் கட்டை இறக்கிச் சுருதி சேர்த்துவிட்டு, உங்களுடைய மூன்று பாட்டுகளில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பாதிப் பாட்டுக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பாடியவருக்குத் தெரியாமல் இருக்காது. மேல் ஸ்தாயி வரும்போது மைக் அவர் வாயருகிலேயே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், அன்றைக்கே வாசகசாலைச் செயலாளரைப் பார்த்துக் கூடத்துக்குத் தேதி கேளுங்கள். நகைக்கடைக்காரரிடம் இந்த முறை டிக்கெட் விற்காமல், நாற்காலி வாடகையை ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.