டீச்சரிடம் கேளுங்கள்: சிரட்டை, வேட்டிக் கரை, பழைய பேப்பர்

கேள்வி: டீச்சர், எங்கள் வீட்டில் தினமும் தேங்காய் உடைக்கிறோம். சிரட்டையில் அகப்பையும் சோப்புக் கிண்ணமும் செய்ய ஆசை. வீடியோ பார்த்துப் பட்டியல் போட்டேன். வார்னிஷ், அக்ரிலிக் பெயின்ட், சின்ன மெஷின் என்று ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. வாங்கலாமா?
– வாசகி, நெய்யாற்றின்கரை

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்தப் பணத்துக்குச் சந்தையில் பத்து அகப்பை வாங்கி அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம். ஒரு ஹேக்ஸா பிளேடு, 80, 120, 220 நம்பர்களில் உப்புத்தாள் ஒவ்வொன்று, அடுக்களையில் இருக்கிற தேங்காயெண்ணெய். இவ்வளவு போதும்.

நன்றாக முற்றிய தேங்காயை எடுங்கள். ஒரே இடத்தில் ஓங்கிப் போடாமல், நடுவில் சுற்றிச் சுற்றி வெட்டுக்கத்தியின் முதுகால் தட்டினால் விளிம்பு ஓரளவு ஒழுங்காகப் பிளக்கும். துருவாமல் வெயிலில் வையுங்கள். பருப்பு சுருங்கித் தானே கழன்று வரும், எண்ணெய்க்கும் ஆகும். துருவின சிரட்டையில் உள்ளே கீறல் விழுந்திருக்கும், அதைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு.

அகப்பைக்குக் கண் இல்லாத பாதிதான். மேல் நாரைச் சுரண்ட எங்கள் பக்கத்து ஆசாரிமார் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பைப் பிடிப்பார்கள். உங்களுக்குக் கை பழகும் வரை பழைய கத்தி போதும். அப்புறம் உப்புத்தாள், 80-ல் தொடங்கி 220 வரை. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. விளிம்புக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை போட்டு, சீவிய மூங்கில் காம்பை ஒன்றில் நுழைத்து மற்றதில் இறுக்கமாக வெளியே எடுங்கள். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். துளை போட மெஷின் இல்லையென்றால் பக்கத்துத் தச்சரிடம் கொடுங்கள், ஒரு நிமிட வேலை. கடைசியில் எண்ணெய் தேய்த்து ஒரு நாள் விட்டால் கறுப்பு பளபளவென்று ஏறும். குழம்பில் போகிற சாமானுக்கு வார்னிஷ் கூடவே கூடாது. கழுவியதும் நிழலில் காய வையுங்கள், ஈரத்தோடு வெயிலில் போட்டால் வெடிக்கும்.

மிச்சமிருக்கிற கண் பாதிதான் சோப்புக் கிண்ணம். மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும். அதை ஸ்க்ரூ டிரைவரால் குத்தித் திறந்துவிட்டால் தண்ணீர் வடியும், சோப்பு கரையாது. ஆடாமல் நிற்க, இன்னொரு சிரட்டையை வளையமாக அறுத்து அதன் மேல் உட்கார வையுங்கள். ஒட்டாதீர்கள், கழுவுவது சிரமம்.

கேள்வி: அப்பாவின் பழைய வேட்டியில் பை தைத்தேன். மீன் வாங்கி வரும் வழியிலேயே கைப்பிடி பிய்ந்துவிட்டது. என்ன செய்ய?
– கல்லூரி மாணவன், மார்த்தாண்டம்

பதில்: முதலில் ஒன்று சொல்லு மக்களே, வேட்டிப் பையில் யாராவது மீன் வாங்குவார்களா? வாடை போகவே போகாது. மீனுக்குப் பிளாஸ்டிக் அரிசிச் சாக்கை வெட்டித் தை. வெட்டின ஓரத்தை மெழுகுவத்திச் சுடரில் லேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், நூல் பிரியாது. கோணி ஊசியும் நைலான் நூலும் போதும். அலசிக் கொடியில் போட்டால் மறுநாளைக்குத் தயார்.

வேட்டிப் பை காய்கறிக்கு. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார், நடுவில் வலை மாதிரித் தெரிகிற இடத்தை ஒதுக்கிவிடு. கரை நெருக்கமாக நெய்தது, அதை நாலாக மடித்துக் கைப்பிடி ஆக்கு. கைப்பிடியின் நுனி பையின் வாய் மடிப்புக்குள் இரண்டு அங்குலமாவது இறங்க வேண்டும். அதன் மேல் சதுரமாகத் தைத்து, மூலைக்கு மூலை குறுக்கே ஒரு தையல். தேங்காயே போட்டாலும் தாங்கும். இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லும், களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் 2020 ஜனவரி 1-லும் பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்தாயிற்று. பையில்லாமல் போய்க் கடைக்காரரிடம் கெஞ்சுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

கேள்வி: பழைய பேப்பரைச் சுருட்டிக் கூடை பின்னி, அதில் முறுக்கு வைக்கலாமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: கூடை பின்னுங்கள், முறுக்கு வேண்டாம். அச்சு மை எண்ணெய்ப் பண்டத்தில் இறங்கும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று 2018-ம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. நூல்கண்டு, சீப்பு, ரிமோட் வைக்க அருமையான கூடை. பசைக்கு மரச்சீனி (மரவள்ளி) மாவோ மைதாவோ எதுவானாலும் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டி, மரச்சீனியென்றால் கண்ணாடி போலத் தெளிந்ததும், மைதாவென்றால் கெட்டியானதும் இறக்குங்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் துளி துருசு (மயில்துத்தம்) சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

கேள்வி: சூடாக ஒட்டும் பசைத் துப்பாக்கி வாங்கினால் எல்லாவற்றுக்கும் உதவுமா டீச்சர்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: உதவாது. சூட்டில் உருகி ஒட்டுவது சூட்டிலேயே இளகும். பாலக்காட்டு வெயிலில் மொட்டை மாடியில் தொங்கவிட்டால் மத்தியானத்துக்குள் தனித்தனியாகக் கிடக்கும். வீட்டுக்குள் மாட்டுகிற பூவேலைக்குச் சரி. அதற்கும் பக்கத்து வீட்டில் இருந்தால் இரவல் வாங்குங்கள்.