பருப்பு வேகாத வீடு

அன்புள்ள ஐயா,

பசிபிக் கடலில் இருக்கும் துவாலு தீவுகள் மூழ்குவது பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அழுதேவிட்டேன். நிலமே கடலுக்குள் போய்விட்டால் அது நாடாக இருக்குமா? மாலத்தீவுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த நிலையில் போவது தப்பா?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

டிக்கெட் எடுத்தாயிற்று, போய் வாருங்கள். பாவமன்னிப்பு கொடுக்கும் வேலை என்னுடையதல்ல. நாடு இருக்குமா என்பதற்கு 2023இல் துவாலுவும் ஆஸ்திரேலியாவும் போட்ட ஒப்பந்தத்திலேயே பதில் இருக்கிறது: கடல் ஏறினாலும் துவாலு நாடாகவே நீடிக்கும். அப்புறம், ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். மொத்த மக்களே சுமார் 11 ஆயிரம் பேர்தான். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

என்னை உறுத்துவது ‘மூழ்குவது’ என்ற உங்கள் சொல். கப்பல் மூழ்கும். தீவில் முதலில் போவது தண்ணீர். பவளத்தீவில் ஆறு கிடையாது. மண்ணில் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட எடை குறைவு என்பதால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. துவாலுக்காரர்கள் அந்த நன்னீர் வரை குழி தோண்டி ‘புலாக்கா’ என்ற கிழங்கு போடுகிறார்கள். நம் சேப்பங்கிழங்குக்கு உறவு. குழிக்குள் கடல்நீர் கசிந்தால் கிழங்கு போச்சு. நிலம் அங்கேயேதான் இருக்கும். 2011இல் அந்த நாடு அவசரநிலை அறிவித்ததுகூட கடல் புகுந்ததற்காக அல்ல. மழை பொய்த்துக் குடிக்கத் தண்ணீர் இல்லை.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில், பெரியம்மா வீட்டில். எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை. பருப்பு வேகவில்லை. மளிகைக்கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று பெரியம்மா சண்டைக்கே போய்விட்டார். அடுத்த வருடம் டீயில் பால் திரிந்தது, பால்காரருக்குத் திட்டு. அதற்கும் அடுத்த வருடம்தான் கிணற்றைத் திட்டினார். பட்டணத்துக்கும் ஆலைகளுக்கும் ஆழ்குழாய் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, காலியான இடத்துக்குக் கடல் நிலத்தடியிலேயே நடந்து வந்திருக்கிறது. 1969லேயே அதைக் கண்டுபிடித்திருந்தார்கள். பெரியம்மாவிடம்தான் யாரும் சொல்லவில்லை.

துவாலுவில் கடல் தானாக ஏறவில்லை, யாரோ எரித்த கரியும் எண்ணெயும் ஏற்றுகின்றன. மீஞ்சூருக்கு நாமே மோட்டார் போட்டு வரவழைத்தோம். நீங்கள் அழுததில் எனக்குக் கோபமில்லை, அது நல்ல மனசு. ஆனால் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறினால் மீஞ்சூர். அங்கே ஒரு தடவையாவது இறங்கியிருக்கிறீர்களா? காணொளி வந்தால்தான் அழுவீர்களா?

சரி, மாலத்தீவு. 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்து, தலைநகருக்கே தண்ணீர் நின்றுபோனது. சுற்றிலும் கடல், குடிக்க இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் போயிற்று. விடுதியில் குழாயைத் திறக்கும்போது இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அறைப்பையனிடம் கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

பெரியம்மா வீட்டுக் கிணற்றில் ராட்டினம் இன்னும் தொங்குகிறது. கயிறு இல்லை.