காய்ச்சலில் குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்தால் வாயில் ஸ்பூன் வைக்கலாமா?

வைக்கவே கூடாது. வைத்தவன் சொல்கிறேன்.

கேள்வியைப் பார்த்தால், வீட்டில் ஒரு முறை வந்துவிட்டது, பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நீங்கள் ராத்திரி முழுக்கப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

எங்கள் வீடு காட்பாடியில். பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. அக்னி நட்சத்திர வெயில், சாயங்காலத்திலிருந்தே ஜுரம். எட்டு மணி வாக்கில் அம்மா மடியில் கிடந்தவன் திடீரென்று விறைத்தான். கண் மேலே சொருகிவிட்டது, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது, உதடு நீலமாகிவிட்டது. மாமியார் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். எதிர்வீட்டு அக்கா வெங்காயத்தோடு ஓடிவந்தார். நான் அவர்களைவிட மேதாவி: நாக்கைக் கடித்துக்கொள்வான் என்று ஸ்பூனை விட்டேன். ஈறு கிழிந்து ரத்தம், புதிதாக முளைத்த முன்பல் ஆடிவிட்டது. ரத்தம் ஃபிட்ஸால் வருகிறது என்று நினைத்து இன்னும் அலறினோம்.

ஆட்டோவில் கிளம்பினால் மேம்பாலத்தில் நெரிசல். பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் கத்துகிறது, அதற்கும் வழியில்லை. முன்னால் கார்க்காரர் ஜன்னலை இறக்கி என்னையே முறைக்கிறார். இதைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம், சரி விடுங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "எத்தனை நிமிஷம் இருந்துச்சு?" நான் அரை மணி நேரம் என்றேன். மனைவி பத்து நிமிஷம் என்றாள். சீரியல் நடுவில் விளம்பரம் வந்தபோது ஆரம்பித்து, விளம்பரம் முடிவதற்குள் நின்றுவிட்டது என்று மாமியார்தான் சரியாகச் சொன்னார்.

அப்புறம்தான் விளக்கினார்கள். 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் ஜுரத்தோடு இப்படி வருவது உண்டு. பெரும்பாலும் சில நிமிஷத்தில் தானாகவே நிற்கும். தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சிலும் வாந்தியும் வெளியே வழியட்டும். கைகாலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். நன்றாக முழித்துக்கொள்ளும் வரை தண்ணீர், மருந்து எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. மணி பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினால், நின்ற உடனே மறுபடி வந்தால், நின்றபிறகும் முழிக்காமல் மூச்சுத் திணறினால் 108தான். கழுத்து விறைத்திருந்தாலும், 6 மாதத்துக்கும் குறைவான பிள்ளையென்றாலும் யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். முதல் தடவை என்றால் நின்றுவிட்டாலும் காட்டிவிட வேண்டும்.

பாராசிட்டமால் ஜுர அவதிக்குத்தான், அடுத்த ஃபிட்ஸைத் தடுக்கும் என்று அளவைக் கூட்டாதீர்கள். சிரப்பிலேயே 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு இருக்கிறது. பாட்டிலைப் படித்துவிட்டு, பிள்ளையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவை மட்டும் கொடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. "எங்க பாட்டி இரும்பு கொடுத்துத்தான் நின்னுச்சு" என்று எழுத வருகிறவர்களுக்கு: இரும்பு கொடுக்காவிட்டாலும் நின்றிருக்கும்.

மூன்றில் ஒரு பிள்ளைக்கு மறுபடி வருமாம். எங்களுக்கு எட்டு மாதம் கழித்து வந்தது. ஒருக்களித்துப் போட்டுவிட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இப்போது இரண்டாம் வகுப்பு. ஆடிய பல் போன வருஷம் தானாகவே விழுந்து புதுப் பல் வந்துவிட்டது. ஸ்பூன் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கிறது.